மூன்றாவது சாவி என் கையில் இருந்தவரை

தம்பி,

அங்கே டப்ளினில் இப்போது நடுச்சாமம். நீ தூங்கிக்கொண்டிருப்பாய். எழுந்ததும் பல் தேய்க்கும் முன்னாலேயே போனை எடுத்துப் பார்க்கிற ஆள் நீ என்பது பெற்றவளுக்குத் தெரியாதா? அதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று காலைக் காப்பியை ஆறவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். விஷயம் இதுதான். உனக்கும் ரஃபிக்கும் நடுவில் மாதக்கணக்காக இழுத்துக்கொண்டிருக்கிற சண்டையில், நீங்கள் இருவரும் ஆளுக்கொரு கோரிக்கையை அனுப்பிவிட்டு என் சம்மதத்துக்காகக் காத்திருந்தீர்கள் அல்லவா, அதில் ஒன்றுக்கு இன்று விடிந்ததும் சம்மதம் கொடுத்துவிட்டேன். பொத்தானை அழுத்தியாகிவிட்டது, இனி யாராலும் திருப்ப முடியாது. யாருடையதற்கு என்று இங்கேயே சொல்லிவிட்டால் மிச்சத்தை நீ வாசிக்க மாட்டாய். கிரிக்கெட்டில் யார் ஜெயித்தார் என்று தெரிந்துவிட்டால் டிவியை அணைத்துவிட்டுப் போகிற உன் அப்பாவின் புத்தி அப்படியே உனக்கு. ஆகவே என் வரிசைப்படிதான் சொல்லுவேன். பொறுமையாக வாசி.

இதை உனக்கு மட்டும் அனுப்பவில்லை. உங்கள் செயலியின் இணையப் பக்கத்தில் எல்லாரும் பார்க்கும்படி போடச் சொல்லப்போகிறேன். உடனே முகத்தைச் சுளிக்காதே. ஒளிவு மறைவு இல்லாத வேலை, எழுதிய ஒவ்வொரு வரியையும் உலகத்தில் யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், காசு தர வேண்டியதில்லை என்று எனக்கு விளக்கம் சொன்னதே நீதானே? செயலி எல்லாருக்கும் திறந்து கிடக்கலாம், அதன் பெயரில் நடக்கிற சண்டை மட்டும் மூடிக் கிடக்க வேண்டுமா? பெயர் தெரியாத எத்தனையோ பேர் அதற்குக் காணிக்கை அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் காணிக்கை இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்க அவர்களுக்கும் உரிமை உண்டு.

அவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன். நீயும் மேலப்பாளையம் ரஃபியும் கல்லூரியில் படிக்கும்போது, பார்வையில்லாதவர்களுக்கு போனில் வருகிற தமிழ் எழுத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டுகிற செயலி ஒன்றைச் செய்யத் தொடங்கினீர்கள். பார்வையற்றோர் பள்ளி இருக்கிற நம் பாளையங்கோட்டையில் வெள்ளைக் கோலோடு ரோட்டைக் கடக்கிறவர்களைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள், உங்களுக்கு அது தோன்றியதில் ஆச்சரியமில்லை. அதற்கு ஒரு குரல் தேவைப்பட்டது. கூலி கொடுத்து ஆள் பிடிக்க உங்கள் இருவர் பையிலும் வழியில்லை. தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊர் ஊருக்கு ட்ரங்க் கால் போட்டுக்கொடுத்து ஓய்வு பெற்ற ஒருத்தி வீட்டிலேயே இருந்தாள். படுக்கையறை ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, சித்திரை வெயிலில் வியர்த்து வடிய நான் வாக்கியம் வாக்கியமாக வாசித்தேன். வாசலில் ரஃபி காவல். மீன்காரர் வந்தால் ஓடிப்போய், "அண்ணாச்சி, அம்மா ரெக்கார்டிங்ல இருக்காங்க, நாலு வீடு தள்ளிப் போய்க் கூவுங்க" என்பான். அவர், "ஏலே, மீன் விக்கணுமா வேண்டாமாலே நான்?" என்று கத்துவார், அதுவும் பதிவாகிவிடும். மறுபடி முதலிலிருந்து வாசிப்பேன். அப்படி உண்டான குரல்தான் இப்போது மலேசியாவிலும் கனடாவிலும் யார் யார் காதிலோ வாசித்துக்கொண்டிருக்கிறது.

செயலி நன்றாக இருக்கிறது என்று பெயர் வந்ததும் வெளிநாட்டிலிருந்து காணிக்கை வர ஆரம்பித்தது. பாங்கி வழியாக வரவில்லை, கிரிப்டோவாக வந்தது. கையால் தொட முடியாத பணத்துக்குப் பூட்டு எதற்கு என்று நான் கேட்டேன். நீ சிரிக்கவில்லை. "அப்பா கோயில் பொருளாளரா இருந்தாங்கள்லாம்மா, காணிக்கப் பெட்டிய அவங்க மட்டும் தொறக்க முடியுமா? பாதிரி ஐயரும் வரணும்லா? அதே மாதிரிதான்" என்று சொன்னாய். மூன்று சாவி, அதில் எந்த இரண்டு சேர்ந்தாலும் பெட்டி திறக்கும், ஒன்றை மட்டும் வைத்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒன்று உனக்கு, ஒன்று ரஃபிக்கு, குரல் கொடுத்த பாவத்துக்கு மூன்றாவது எனக்கு. விரல் நீளத்தில் ஒரு கருவியைத் தந்தாய். அது தொலைந்துபோனால் சாவியை மீட்டெடுக்க இருபத்துநாலு ஆங்கிலச் சொற்களை வரிசையாக ஒரு தாளில் எழுதவைத்தாய். போட்டோ எடுக்கக் கூடாது, கம்ப்யூட்டரில் ஏற்றக் கூடாது, கருவியும் தாளும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்று ஏர்போர்ட்டுக்குக் காரில் ஏறும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாய். உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்ல உனக்கு நேரம் கிடைக்கவில்லை. பரவாயில்லை, பிளேனைப் பிடிக்கிற அவசரம்.

அப்புறம் ஏதோ ஒரு கம்பெனி இந்தக் குரலைத் தன் இயந்திரங்களில் வைத்துக்கொள்ள விலை பேசி வந்தது. இங்கே ஊரிலேயே இருந்து சம்பளம் இல்லாமல் இதே வேலையாகக் கிடக்கிற ரஃபிக்கு, ஒரு கம்பெனி தொடங்கி முறையாக நடத்தினால் என்ன என்று ஆசை. இலவசம் என்று சொல்லிக் கொடுத்ததை விற்கக் கூடாது என்பது உன் கட்சி. அதுவரைக்கும் அது நியாயமான வாக்குவாதம்தான். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவன் செயலியின் பெயரைத் தன் பெயரில் பதிவு செய்தான் பார், அது தப்பு. அவனைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரே சொன்னேன். பதிலுக்கு நீ என்ன செய்தாய்? ஒரே ராத்திரியில் நிரல்கள் எல்லாம் இருக்கிற இடத்துக்கு அவன் நுழைய முடியாதபடி கதவைச் சாத்தினாய். உன் பாதி அவனுடைய பாதி என்று பிரிக்க முடியாத வேலையிலிருந்து அவனை வெளியே நிறுத்தினாய். அதுவும் தப்பு. அதை அப்போதே நான் உன்னிடம் சொல்லவில்லை, ஏனென்றால் நீ கோபித்துக்கொண்டு போனை வைத்துவிடுவாய் என்று பயந்தேன்.

நடுவில் நடந்த அந்த வெள்ளிக்கிழமைக் கூத்தை நீ மறந்திருக்க மாட்டாய். வெள்ளிதோறும் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் நடு மேசையில் எல்லாரும் அவரவர் பாரத்தை வைப்போம். பரீட்சை ஹால் டிக்கெட், பாஸ்போர்ட், ஸ்கேன் ரிப்போர்ட், வரன் ஜாதகம் தவிர மற்றதெல்லாம் வரும். அதன்மேல் கைவைத்து ஜெபிப்போம். நீங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொள்கிறீர்களே என்ற வேதனையில், பீரோவில் சேலைக்கடியில் வைத்திருந்த அந்தத் தாளை எடுத்துக்கொண்டுபோய் நானும் மேசையில் வைத்தேன். மடித்து வைத்திருக்கலாம். விரித்து வைத்தேன், ஆண்டவருக்கு வாசிக்க வசதியாக இருக்கட்டும் என்றோ என்ன கருமமோ தெரியவில்லை. கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் ஜெபிக்க வேண்டுமே என்று செயலாளர் அக்கா வழக்கம்போல மேசையை போட்டோ எடுத்து வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் யாருடையதோ பாஸ்போர்ட்டுக்கும் யாருடையதோ ஹால் டிக்கெட்டுக்கும் நடுவில் என் இருபத்துநாலு சொற்களும் பளிச்சென்று கிடக்கின்றன.

முதலில் உன்னைத்தான் கூப்பிட்டேன். "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். அந்தப் போட்டோவை அப்படியே ரஃபிக்கு அனுப்பிவிட்டு, "ஏலே, இப்படி ஆயிப்போச்சே, நான் என்ன செய்ய?" என்று அழுதேன். "அம்மா, பைய மூச்ச விடுங்க. ஒரு சாவிய வச்சு ஒருத்தனும் ஒண்ணும் செய்ய முடியாது. அந்தப் போட்டோவ அழிக்கச் சொல்லுங்க, நான் இப்ப வாரேன்" என்றான். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டான். "ஊர் பூரா நம்ம சாவிக்கு ஜெபம் பண்ணுதாங்க போலுக்கே!" என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

அந்த நேரத்தில்தான் நீ கூப்பிட்டாய். நடந்ததையெல்லாம் சொன்னதும் "அறிவு இருக்காம்மா?" என்று ஆரம்பித்தாய். சரி, பயத்தில் வந்த வார்த்தை, விட்டுவிட்டேன். ஆனால் அடுத்துக் கேட்டாயே, "அந்தப் போட்டோவ அவனுக்கு எதுக்கு அனுப்புன?" என்று, போன் ஸ்பீக்கரில் இருந்தது தம்பி. அவன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். கருவியைச் சுத்தமாக அழித்துப் புதுச் சாவி உண்டாக்க வழி சொன்னான். புதுச் சொற்கள் ஒவ்வொன்றாகக் கருவியின் சின்னத் திரையில் வந்தபோது எழுந்துபோய் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். "எதுக்குலே அங்கன போய் நிக்க, வெளிச்சம் இங்கனதான இருக்கு" என்றேன். "நான் பாக்கக் கூடாதும்மா. பாத்தா ரெண்டு சாவி என்கிட்ட ஆயிரும்" என்றான். நான் எழுதி முடிக்கும்வரை அவன் திரும்பவே இல்லை.

பழைய பெட்டியிலிருந்து புதுப் பெட்டிக்குப் பணத்தை மாற்ற நீங்கள் இரண்டு பேரும் சம்மதம் போட வேண்டியிருந்தது. அதற்கு முன் புது முகவரி சரிதானா என்று இருவரும் எழுத்தெழுத்தாக ஒத்துப்பார்க்க வேண்டும். பேச்சு வார்த்தை இல்லாத ஆட்கள் அல்லவா, என்னை நடுவில் வைத்துத்தான் எல்லாம். "அவங்கிட்ட முதல் ஆறு எழுத்த வாசிக்கச் சொல்லுங்கம்மா" என்று நீ, "வாசிச்சாச்சுன்னு சொல்லுங்கம்மா" என்று அவன். பாதியில் ஏதோ ஒரு எழுத்து உதைத்தது. அவன் என்னை மறந்துவிட்டு, "லே, கடைசி நாலு எழுத்த மறுபடி சொல்லுலே" என்றான். நீயும் மறந்துபோய்ச் சொன்னாய். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு, இரண்டு பக்கமும் பேச ஆரம்பித்ததும் நாங்கள் லைனிலிருந்து விலகிவிட வேண்டும். நான் பேசாமல் எழுந்து டீ போடப் போனேன். அடுக்களையில் நின்றுகொண்டு உங்கள் இரண்டு குரலையும் கேட்டுக்கொண்டிருந்தேன், சர்க்கரை போட்டேனா இல்லையா என்றே தெரியவில்லை. வேலை முடிந்ததும் நீ "சரிம்மா, வைக்கேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துத் துணி மடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அனுப்பிய போட்டோவில் என் சாவி முழுதாக இருந்தது. அவனிடம் அவன் சாவி இருந்தது. நீயோ மீட்டிங்கில் இருந்தாய். அந்த ஒரு மணி நேரம் மொத்தக் காணிக்கையும் அவன் கையில்தான் இருந்தது. வழித்துத் துடைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தால் நீயும் நானும் என்ன செய்திருக்க முடியும்? அவன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சாவியை மாற்ற வந்தான். எதற்கு அனுப்பினாய் என்று கேட்டாயே, அனுப்பியதை வைத்து அவன் என்ன செய்தான் என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை.

இதற்கெல்லாம் பிறகு வந்தவைதான் அந்த இரண்டு கோரிக்கைகள். அன்றைக்கே நான் ஒரு முடிவு சொல்லியிருக்கலாம். ஏன் இத்தனை நாள் இழுத்தேன் என்றால், நியாயம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். பொய். போன் அடித்தது, அதனால் இழுத்தேன். சண்டைக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் ஒரு தடவை கூப்பிடுவாய், "சாப்டியாம்மா, சரிம்மா" என்று முடிந்துவிடும். என் சாவிக்கு வேலை வந்தபிறகு தினமும் கூப்பிட்டாய். ராத்திரி என்ன சாப்பாடு, மாத்திரை போட்டாயா, வண்ணாரப்பேட்டையில் பாலம் வேலை முடிந்ததா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் பையப் பைய அந்தப் பேச்சுக்கு வருவாய். "யோசிச்சுச் சொல்லுதேன்" என்பேன். நாளைக்கும் கூப்பிட வேண்டும் அல்லவா? ரஃபியும் வாரம் ஒருமுறை வந்தான், அவனிடமும் அதையே சொன்னேன். அப்பா போனபிறகு இந்த வீட்டில் எப்படி இருக்கிறேன் என்று நான் உன்னிடம் சொன்னதில்லை. மத்தியானம் சாப்பிட உட்காரும்போது உங்கள் செயலியைப் போட்டு அன்றைய செய்திகளை வாசிக்க விடுவேன். எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது. வீட்டுக்குள் ஒரு பேச்சுச் சத்தம் வேண்டும், அவ்வளவுதான். என் குரலே எனக்கு வாசிக்கும், நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். இப்படி ஒரு கிறுக்கு உண்டா என்று நீ நினைப்பாய்.

போன வாரம் ஜெயராணி வந்தாள். உனக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாங்கியில் வேலை பார்க்கிறாள், பிறவியிலேயே பார்வை கிடையாது, செயலியில் எந்த மாற்றம் செய்தாலும் முதலில் போட்டுப் பார்த்துக் குறை சொல்வது அவள்தான். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. "அம்மா, உங்க சத்தம் திக்குது" என்றாள். போனில் புதிதாக ஏதோ அப்டேட் வந்ததிலிருந்து எண்கள் வந்தால் குரல் முழுங்கிவிடுகிறதாம். மாத்திரைச் சீட்டை வாசிக்க மாட்டேன் என்கிறது, பஸ் நம்பரைச் சொல்ல மாட்டேன் என்கிறது. முந்தின நாள் ஜங்ஷன் பஸ் என்று நினைத்து வேறு பஸ்ஸில் ஏறி முக்கூடல் ரோட்டில் பாதி தூரம் போய்விட்டாளாம். "ரெண்டு பேருக்கும் எழுதிக் கேட்டேன். ஒருத்தரு கதவு சாத்தியிருக்குங்காரு, இன்னொருத்தரு சண்ட முடியட்டுங்காரு. எங்களுக்கு யாரு ஜெயிச்சா என்னம்மா, பஸ் நம்பரு தெரியணும்லா" என்றாள். நான் போன் அடிக்கிறதே என்ற சந்தோஷத்தில் இருந்த நாட்களிலெல்லாம் அவள் ரோட்டில் நின்று யார் யாரையோ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவள் போனதும் இரண்டு கோரிக்கைகளையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். உன்னுடையதில், மொத்தப் பணமும் ஒரே சாவி போட்ட புதுப் பெட்டிக்குப் போகிறது, அந்தச் சாவி உன் கையில். "பத்திரத்துக்குத்தாம்மா, பிரச்சன முடிஞ்சதும் பழையபடி மாத்திருவேன்" என்றாய். மாற்றுவாய் என்றுதான் நானும் நம்புகிறேன். உன் அப்பாவையும் அந்தக் கோயிலில் எல்லாரும் நம்பினார்கள், ஆனாலும் ஒரு நாளும் அவர் பெட்டியைத் தனியாகத் திறந்ததில்லை. ரஃபியுடையதில் மறுபடியும் மூன்று சாவி. ஒன்று உனக்கு, ஒன்று அவனுக்கு, மூன்றாவது ஜெயராணிக்கு. அவனுக்கென்று ஒரு சல்லிக்காசு எடுக்கவில்லை. என்னை மட்டும் எடுத்துவிட்டிருந்தான். எனக்குச் சுருக்கென்றது. போன் போட்டு, "என்னலே, என்னைய வெட்டிவிட்டுட்டியே" என்று சண்டைக்குப் போனேன். "நீங்க அவனுக்கு அம்மா. என்னையும் பிள்ள மாதிரிதான் வச்சிருக்கீங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல உங்கள நிறுத்துனது எங்க தப்பும்மா" என்றான்.

நான் அவனுடையதற்குத்தான் அழுத்தினேன், தம்பி. உனக்கு எதிராக உன் அம்மா கைகாட்டிவிட்டாள் என்று உனக்குத் தோன்றும். தோன்றட்டும். உன் சாவி உன்னிடமேதான் இருக்கிறது, நீ இல்லாமல் அவர்கள் இருவரும் பெட்டியைக் காலி பண்ண மாட்டார்கள் என்பதற்கு எனக்குச் சுவரைப் பார்த்து நின்றவன் சாட்சி. பெயரைப் பதிந்தது தப்பு என்று சொன்னேனே, அதை அவன் இன்னும் மாற்றித் தரவில்லை. அதை நீ அவனிடம் கேட்டு வாங்கு, வக்கீல் வைத்து வேண்டாம், நேரே கேள். சாத்திய கதவை நீயும் திற. ஜெயராணியின் போனில் எண்களைப் பேச வைக்க உங்கள் இரண்டு பேரின் மண்டையும் வேண்டும் என்று அவளே சொல்கிறாள். விற்பதா வேண்டாமா என்பதை அதற்கப்புறம் ஆண்டு முழுக்க உட்கார்ந்து சண்டை போடுங்கள், நான் குறுக்கே வர மாட்டேன்.

என் கருவியை அழித்தாகிவிட்டது. புதுச் சொற்கள் எழுதிய தாளை அடுப்பில் போட்டுவிட்டேன். இனி உனக்கு வேண்டியது என்று என்னிடம் எதுவும் கிடையாது, கேட்பதற்கோ கெஞ்சுவதற்கோ ஒன்றுமில்லை. இதை அழுத்துவதற்கு முன்னால் எனக்குப் பயமாக இருந்தது பணத்தைப் பற்றியல்ல, இதைப் பற்றித்தான். கருவியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் அழுத்தினேன். நீ இதை வாசிக்கும்போது அங்கே விடிந்திருக்கும், நீ போனை எடுத்திருப்பாய். கோபம் ஆற நாளாகும் என்றால் ஆகட்டும். திட்டுவதற்கென்றாலும் சரி, கூப்பிடு. இனிமேல் நீ கூப்பிட்டால் என்னைத்தான் கூப்பிடுகிறாய் என்று எனக்குத் தெரியும்.

அம்மா